ஸ்வெஸ்ரரும் தாதியும்

சொற்களில் இருந்து தொடங்குவோம். நோயாளியைப் பராமரிக்கும் பெண்ணுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு. இலங்கையில் நாங்கள் தாதி என்போம். தமிழ்நாட்டில் செவிலி என்பார்கள். இரண்டுமே பிள்ளை வளர்ப்பில் இருந்து வந்தவை. தாதி என்றால் பால் கொடுத்து வளர்த்தவள். சங்கப் பாட்டுகளில் வரும் செவிலி, தலைவியை வளர்த்த தாய். அவளுடைய மகள்தான் தோழி என்கிறது தொல்காப்பியம். அதாவது, தன் பிள்ளையை வளர்த்துக்கொண்டே இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் வளர்த்தவள். ஆங்கிலத்து 'நேர்ஸ்' என்ற சொல்லைத் தோண்டிப் பார்த்தாலும் அடியில் இருப்பது பாலூட்டுவதுதான்.

ஆனால் ஊரில் ஆஸ்பத்திரி வாட்டில் நாங்கள் கூப்பிட்டது 'மிஸி' என்று. இங்கே சுவிசின் ஜேர்மன் மொழிப் பகுதியில் வயதுபோனவர்கள் இன்றைக்கும் கூப்பிடுவது 'ஸ்வெஸ்ரர்' என்று. சகோதரி. ஒரு சொல் கலியாணமாகாதவள் என்கிறது. மற்றது மடத்தின் வாசலில் இருந்து வருகிறது. பிள்ளை பெற்றவளின் பெயரால் தொடங்கிய ஒரு வேலை, பிள்ளை பெறாதவளுக்கு மட்டுமே உரியது என்று எப்போது ஆனது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் நாங்கள் குடியிருக்கும் இந்தப் பெர்ன் நகரமும், ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் வரும் லொசான் நகரமும் கதையின் நடுவில் வந்து நிற்கின்றன. கேள்வி எங்களுக்கு ஏன் வந்தது என்பதைப் பிறகு சொல்வோம்.

1836இல் ஜேர்மனியில் றைன் நதிக்கரையில், கைசர்ஸ்வேர்த் என்ற சின்ன ஊரில், தியோடோர் ஃபிளீட்னர் என்ற புரட்டஸ்தாந்து போதகர் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். கலியாணமாகாத பெண்கள் அங்கே சேர்ந்து, நோயாளியைப் பராமரிக்கப் பழகி, 'டியாகோனிஸ்' என்ற பெயரில் ஊழியம் செய்தார்கள். தாய்வீடு என்று அதற்குப் பெயர். சம்பளம் இல்லை. உடுப்பு, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சக் காசு, வயதுபோனால் பராமரிப்பு, இவ்வளவும் தாய்வீடு தரும். எங்கே வேலை என்பதையும் தாய்வீடே தீர்மானிக்கும். கலியாணம் செய்ய விரும்புகிறவள் வெளியேறலாம், தடை இல்லை. ஆனால் கலியாணத்தையும் ஊழியத்தையும் சேர்த்து வைத்திருக்க முடியாது.

இந்த ஒழுங்கு சுவிசுக்கு வேகமாகப் பரவியது. வோ கன்ரோனில் 1842இல் போதகர் லூயி ஜேர்மோன் ஓர் இல்லத்தை ஆரம்பித்தார். அதுவே பின்னர் சென் லூப் என்று பெயர் பெற்றது. பெர்னில் 1844இல் சோஃபி வொன் வூர்ஸ்ரம்பெர்கர் என்ற பிரபுக் குடும்பத்துப் பெண் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். இவற்றை எடுத்த எடுப்பில் பெண்ணடிமைத்தனம் என்று தள்ளிவிடுவது இலகு. நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம். அன்றைக்குக் கலியாணமாகாத ஒரு ஏழைப் பெண்ணுக்கு முன்னால் இருந்தது வீட்டு வேலைக்காரி உத்தியோகம், அல்லது தமையன் வீட்டில் அண்டிப் பிழைக்கிற சீவியம். தாய்வீடு அவளுக்கு ஒரு கூரையையும் ஒரு தொழிலையும், தெருவில் நடக்கும்போது ஒரு மரியாதையையும் கொடுத்தது.

இருந்தாலும் ஒன்று கண்ணில் குத்துகிறது. கைசர்ஸ்வேர்த்தில் அந்தச் சகோதரிகளை நடத்திய தலைவி ஃபிளீட்னரின் மனைவி ஃபிரடெரீக்க. பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டும் வளர்த்துக்கொண்டும்தான் அவர் அந்த இல்லத்தை நடத்தினார். 1842இல் இறக்கும்வரை அப்படித்தான். பெர்னில் சோஃபி 1855இல் டென்ட்லிக்கர் என்பவரைக் கலியாணம் செய்துகொண்டு, கணவனோடு சேர்ந்தே இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். மேலே இருப்பவளுக்குக் குடும்பமும் ஊழியமும் ஒத்துவந்தன. கீழே நோயாளியின் மலச்சட்டி தூக்குகிறவளுக்குத்தான் ஒத்துவராமல் போனது!

இதை அந்தக் காலத்திலேயே எதிர்த்து எழுதியவர் ஒரு பெண். வலெரி து கஸ்பாரன், ஜெனீவாவில் 1813இல் பிறந்த பணக்கார வீட்டுப் பெண், எழுத்தாளர், ஒரு பிரெஞ்சு அரசியல்வாதியின் மனைவி. கடவுள் நம்பிக்கை இல்லாதவரல்ல, மிகத் தீவிரமான புரட்டஸ்தாந்துக்காரர். அதனாலேயே அவருக்கு டியாகோனிஸ் இல்லங்களில் கோபம் வந்தது. கத்தோலிக்க மடத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வந்த நாங்கள் அதைப் பின்கதவால் உள்ளே எடுக்கிறோமா என்பதே அவருடைய கேள்வி. 1854-55இல் இரண்டு தொகுதிகளில் இதை எழுதினார். பணிவு, துறவு, சம்பளமில்லாத உழைப்பு ஆகிய மூன்றுக்கும் வேதத்தில் ஆதாரமில்லை என்பது அவருடைய வாதம்.

எழுதியதோடு நிற்கவில்லை. 1859இல் கணவரோடு சேர்ந்து லொசானில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். இன்று 'லா சூர்ஸ்' என்ற பெயரில் இயங்கும் உயர்கல்வி நிறுவனம் அதுதான். மடத்தைச் சாராத தாதியர் பாடசாலைகளில் உலகில் முதலாவது என்று அது எண்ணப்படுகிறது. சபதம் இல்லை, சீருடை இல்லை, படித்து வெளியேறியவள் தன் உழைப்புக்குக் கூலி வாங்கலாம். கலியாணமாகாதவளும் வரலாம், கலியாணமானவளும் வரலாம், விதவையும் வரலாம். இந்தக் கடைசி வசனத்தில்தான் நாங்கள் நின்றுவிட்டோம். எங்களில் பலருக்குத் தாதிக் கல்வி என்றால் புளோரன்ஸ் நைற்றிங்கேல்தான். அவருடைய பாடசாலை லண்டனில் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் திறந்தது 1860இல், அதாவது லொசானுக்கு ஒரு வருடம் பிந்தி. அங்கே விரும்பப்பட்ட வயது 25 முதல் 35 வரை, கலியாணமாகாதவள் அல்லது விதவை. நைற்றிங்கேலே 1851இல் மூன்று மாதம் கைசர்ஸ்வேர்த்தில் பழகியவர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உலகம் பூராவும் பரவியது லண்டன் ஒழுங்குதான். இலங்கைக்கும் அது வெள்ளைக்காரனோடு வந்தது. பின்னாட்களில் ஊரில் வர்த்தமானியில் தாதிப் பயிற்சிக்கு ஆள் கேட்கும்போது, வயதெல்லைக்குப் பக்கத்தில் மணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற வரியும் கிடந்ததை எங்கள் அக்காமார் வாசித்திருக்கிறார்கள்.

லொசானில் 1859இல் கதவு திறந்துதானே இருந்தது, பிறகென்ன என்று கேட்கலாம். விதியில் திறந்திருந்த கதவு நடைமுறையில் நூறு வருடத்துக்கு மேல் சாத்தியே கிடந்தது. காரணம், ஆஸ்பத்திரி என்ற இடத்தின் அமைப்பு. வலெரியின் தாதிகள் பெரும்பாலும் நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கப் பழக்கப்பட்டவர்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டு முடிகிறபோது சத்திரசிகிச்சையும் கிருமிநீக்கமும் வந்து, வைத்தியம் வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு இரவும் பகலும் ஆள் வேண்டும். மலிவாக வேண்டும். இந்தக் கணக்கைத் தாய்வீடு ஏற்கெனவே தீர்த்து வைத்திருந்தது: மாணவியை ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடிவைத்துவிடு. நாளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணித்தியாலம் வேலை, மேலே அறை, கீழே வாட்டு.

பெர்னில் 1899இல் செஞ்சிலுவைச் சங்கம் லிண்டன்ஹோஃப் தாதியர் பாடசாலையைத் தொடங்கியது. சூரிச்சில் 1901இல் பெண் வைத்தியர்களே முன்னின்று ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியையும் அதோடு ஒரு தாதியர் பாடசாலையையும் திறந்தார்கள். இவை மத இல்லங்கள் அல்ல. ஆனாலும் குடியிருப்பு அப்படியே இருந்தது. 'ஸ்வெஸ்ரர்' என்ற பெயரும் அப்படியே. சபதத்தைக் கழற்றி வைத்தவர்கள் விடுதியைக் கழற்றி வைக்கவில்லை. விடுதியில் தொட்டில் வைக்க இடமில்லை. விதி என்ன சொன்னாலும் பிள்ளைக்காரி அங்கே எப்படிப் படிப்பாள்?

சூரிச் பாடசாலையை உருவாக்கியவர்களில் ஒருவர் மரீ ஹைம்-ஃபொக்ற்லின். சுவிசின் முதல் பெண் வைத்தியர். 1875இல் நிலவியல் பேராசிரியர் அல்பேர்ட் ஹைமைக் கலியாணம் செய்து, பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு தொடர்ந்து வைத்தியம் பார்த்தவர். சுவிஸ் பெண்களின் வரலாற்றில் பெரிய பெயர், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் மீண்டும் அதே கதைதான். வைத்தியரால் முடிந்தது தாதியால் முடியவில்லை. வைத்தியரின் வீட்டில் வேலைக்கு ஆள் வைக்கலாம், தாதிக்கு வீடே கிடையாது. இதை நாங்கள் வர்க்கம் என்கிறோம். வேறு பெயர் வைக்க விரும்புகிறவர்கள் வைக்கட்டும்.

சட்டமும் இதற்கு முண்டு கொடுத்தது. சுவிசில் பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றது 1971 பெப்ரவரி 7இல் என்பது பலருக்குத் தெரியும். அதைவிடக் கூடுதலாக எங்களை வியக்க வைத்தது பழைய குடியியல் சட்டம். கணவன் குடும்பத் தலைவன். மனைவி வெளியே வேலை செய்வதற்கு அவனுடைய சம்மதம் வேண்டும். வாயால் சொன்னாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, சம்மதம் சம்மதம்தான். மறுத்தால் அவள் நீதிபதியிடம் போகலாம். இந்தச் சட்டத்தை மாற்றுவதற்கு 1985 செப்ரெம்பர் 22இல் வாக்கெடுப்பு நடந்தது. 54.7 வீதம் பேர் ஆம் என்றார்கள். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1988 ஜனவரி 1இல். எங்கள் ஆட்களில் முதல் அலையாக வந்தவர்கள் அப்போது இங்கே குசினிகளில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். தமிழர்கள் பெண்களை அடக்குகிறார்கள் என்று எங்களுக்கு வகுப்பெடுக்கும் சுவிஸ்காரர்களுக்கு இந்தத் திகதியை நாங்கள் ஞாபகப்படுத்துவதுண்டு. அதற்காக எங்கள் பக்கம் அடக்குமுறை இல்லை என்று ஆகிவிடாது. பிள்ளைப்பேற்று விடுமுறைக்கான காப்புறுதி வந்தது 2005 ஜூலையில்தான், 14 கிழமைகளுக்கு.

கதவைத் தள்ளித் திறந்தது நீதியல்ல, ஆட்பற்றாக்குறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்பத்திரிகள் பெருகின. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேறு வேலைகள் கிடைக்கத் தொடங்கிய இளம் பெண்கள் விடுதிச் சீவியத்துக்கு வர மறுத்தார்கள். 60களிலும் 70களிலும் வெளிநாடுகளில் இருந்து தாதிகள் வந்தார்கள். மேற்கு ஜேர்மனிக்குக் கேரளத்தில் இருந்து கத்தோலிக்கத் திருச்சபை வழியாக இளம் பெண்கள் கூட்டிவரப்பட்டதும் இதே காலம்தான். அவர்களும் கலியாணமாகாத பிள்ளைகள்! அதுவும் போதாமல் போனபோதுதான் கலியாணம் செய்து வேலையை விட்டுப்போனவர்களைத் திரும்ப அழைத்தார்கள். விடுதிக் கட்டாயம் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. அரைநேர வேலை வந்தது.

2004இல் புதிய தொழிற்கல்விச் சட்டம் வந்ததோடு, நூறு வருடமாகச் செஞ்சிலுவைச் சங்கம் கவனித்துவந்த தாதிக் கல்வி மற்றத் தொழிற்கல்விகளோடு கூட்டாட்சியின் கீழ் வந்தது. இதன் பலன் என்னவென்றால், மற்றத் தொழில்களில் வயதுவந்தவர்களுக்கு இருந்த வழி இங்கேயும் கிடைத்தது. ஐந்து வருடம் வேலை அனுபவம் உள்ளவர் பயிற்சி ஒப்பந்தம் இல்லாமலே இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். எங்கள் பெண்கள் நுழைந்த பாதை இதுதான். முதலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் 120 மணித்தியால உதவியாளர் வகுப்பும், அதோடு சில நாள் நேரடிப் பயிற்சியும். பிறகு வயோதிபர் இல்லத்தில் வருடக்கணக்கில் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தும் வேலை. பிறகு 'ஃபாகே' என்று சொல்லப்படும் சுகாதாரப் பராமரிப்புச் சான்றிதழுக்கான பரீட்சை. அதற்கும் பிறகு விரும்பினால் உயர்தொழிற் பாடசாலையில் டிப்ளோமா. இந்தக் கடைசிப் படியில்தான் அவள் தாதி. பாடசாலையில் பாதி, வாட்டில் பாதி என்று மூன்று வருடம். ஃபாகே சான்றிதழ் இருந்தால் இரண்டு வருடமாகச் சுருக்கலாம்.

இனி எங்கள் காரணம். எங்கள் வீட்டில் முப்பத்தேழு வயதில், இரண்டு பிள்ளைகளோடு, இந்தக் கடைசிப் படியில் கால் வைத்திருக்கிறாள் ஒருத்தி. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தின் கடைசி வருடங்களில் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள் இருவரும். வரலாறு படித்தவன் குசினிக்குப் போனான். உயிரியல் படித்தவள் வயோதிபர் இல்லத்துக்குப் போனாள். விண்ணப்பிக்குமுன் ஆலோசனைக்கு என்று போன ஒரு அலுவலகத்தில், இந்த வயதில் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஏன் உங்களை வருத்துகிறீர்கள், உதவியாளர் வேலை உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறதே என்று அன்பாகச் சொன்னார்கள். அன்பாகச் சொன்னது என்பதுதான் இதில் கொடுமை. எங்கள் ஆட்கள் அவ்வளவு அன்பாகச் சொல்லவில்லை. குசினியில் கூட வேலை செய்கிற அண்ணர் ஒருவர், முப்பது வருடமாக இந்த நாட்டு அடுப்புகளுக்கு முன்னால் நின்றவர், சொன்னது இது:

"தம்பி, மனுசி படிச்சு முடிக்கிறதுக்கிடையில உனக்கு நாரி முறிஞ்சிடும். பிள்ளையளும் பழுதாப் போயிடும். சொல்லுறதைச் சொல்லிப்போட்டன்."

பிறகு அவரே கேட்டார், "அண்ணியும் அப்ப விண்ணப்பிச்சிருக்கலாமோ எண்டு யோசிக்கிறன். அவவுக்கு இப்ப அம்பத்திரண்டு."

வயது, மூளை, மொழி என்று ஆட்கள் சொல்லும் தடைகள் உண்மையில் இரண்டாவது வரிசையில் நிற்பவை. மொழி கஷ்டம்தான். பி2 அளவு ஜேர்மன் வைத்துக்கொண்டு மருந்தியல் புத்தகம் வாசிப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆனால் பத்து வருடம் பெர்ன் கிழவிகளோடு அவர்களுடைய ஊர்ப் பேச்சிலேயே கதைத்துப் பழகியவளுக்குப் பதினெட்டு வயதுச் சுவிஸ் பிள்ளைக்குத் தெரியாத பலதும் தெரியும். சாகப்போகிறவர் எப்போது தண்ணீர் கேட்கிறார், எப்போது கை பிடிக்கக் கேட்கிறார் என்பது புத்தகத்தில் இல்லை. முதல் வரிசைத் தடை மணிக்கூடு. வாட்டில் காலை வேலை ஏழு மணிக்கு. பாடசாலைப் பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு விடப்படுகிறார்கள். வீட்டில் ஓர் அம்மா அடுப்படியில் நிற்கிறாள் என்ற நினைப்பில் இந்த நாடு பிள்ளைகளின் நேரசூசியைப் போட்டு வைத்திருக்கிறது. அதே நேரம்தான் றெஸ்ரோரன்ற்றில் மத்தியான மெனு போகிற நேரம். ஒருவரும் குசினியை விட்டு அசைய முடியாது. இரண்டு மணிக்குப் பிறகு 'சிம்மர்ஸ்ருண்ட' என்று எங்களை வெளியே விடுவார்கள், ஐந்து மணிவரை. அதற்குச் சம்பளம் இல்லை. முன்பு அந்த நேரத்தில் நித்திரை கொண்டோம். இப்போது உடுப்புத் தோய்க்கிறோம், கணக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், இரவுச் சாப்பாட்டைச் சமைத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சமைக்கப் போகிறோம். 'ராகஸ்சூல' என்று பெர்னில் பாடசாலையோடு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மதியச் சாப்பாடும் கொடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள், வருமானத்தைப் பார்த்துக் காசு அறவிடுவார்கள். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதப்பட்டிராது. ஆனால் சனி, ஞாயிறு அது இல்லை. வாட்டுக்கும் றெஸ்ரோரன்ற்றுக்கும் சனி, ஞாயிறு உண்டு.

அடுத்தது காசு. பயிற்சிக் காலத்துச் சம்பளம், உதவியாளராக அவள் எடுத்துக்கொண்டிருந்ததற்குக் கிட்டவும் நிற்காது. அப்பா அம்மாவோடு இருக்கும் இருபது வயதுப் பிள்ளையை மனதில் வைத்துக் கணக்கிட்ட தொகை அது. தாய்வீடு கொடுத்த 'கைச்செலவுக் காசு' இன்னும் முழுதாகச் சாகவில்லை என்று நாங்கள் வீட்டில் பகிடிவிடுவதுண்டு.

இது சுவிசின் பொதுக் கவலையாக மாறியது கொரோனாக் காலத்தில்தான். 2020 மார்ச்சில் பல்கணிகளில் நின்று தாதிகளுக்குக் கைதட்டினார்கள். 2021 நவம்பர் 28இல் தாதியர் சங்கம் கொண்டுவந்த பராமரிப்புத் தொழிலுக்கான மக்கள் பிரேரணை 61 வீத ஆதரவோடு வென்றது. அதன் முதல் கட்டமாக 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம், உயர்தொழிற் பாடசாலையிலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் தாதிக் கல்வி கற்பவர்களின் வாழ்க்கைச் செலவுக்குக் கன்ரோன்கள் உதவிப்பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. கூட்டாட்சியும் கன்ரோன்களும் சேர்ந்து 8 வருடத்துக்குக் கிட்டத்தட்ட 100 கோடி பிராங். யாருக்கு, எவ்வளவு என்பதைக் கன்ரோன்களே தீர்மானிக்கும். ஆகவே ஒரு கன்ரோனில் பிள்ளைக்காரிக்குக் கிடைப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிடைக்காமல் போகலாம். கைதட்டலில் இருந்து காசு வருவதற்கு நான்கு வருடத்துக்குமேல் எடுத்திருக்கிறது. வலெரி து கஸ்பாரன் தாதிக்குக் கூலி வேண்டும் என்று சொன்னதில் இருந்து எண்ணினால் கணக்கு வேறு.

எங்களுடையவளின் வகுப்பில் நாற்பதை எட்டப்போகிறவர்கள் அவளைத் தவிர இன்னும் மூன்று பேர். ஒருத்தி எரித்திரியாக்காரி, ஒருத்தி கொசோவோக்காரி, மற்றவள் விவாகரத்தான ஒரு சுவிஸ்காரி. பரீட்சைக்கு நால்வரும் ஒன்றாகப் படிக்கிறார்கள், அநேகமாக எங்கள் வீட்டுக் குசினி மேசையில், பிள்ளைகள் படுத்த பிறகு. பதினொன்றரைக்கு வேலை முடிந்து வரும்போது மேசையில் சிறுநீரகத்தின் படம் விரிந்து கிடக்கும். றெஸ்ரோரன்ற்றில் மிஞ்சிய சூப்பை அதற்குப் பக்கத்தில் வைப்போம். அடுத்த மாதம் முதல் அவளுக்கு இரவு வேலையும் தொடங்குகிறது. அதற்கான நேரசூசி குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் நிரப்பப்படவில்லை.